ஒய்.பி. மக்களவையில் என்ன கேட்டார்? தெப்ராவிலிருந்து சுங்கை சிப்புட்டின் 10 ஆண்டுக் கணக்கு

தெப்ராவ் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் எங்கள் கூட்டம் கூடும். தோசை வருவதற்குள் அரசியல் வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். "நம்ம ஒய்.பி. தீபாவளிக்கு அரிசி கொடுத்தாரு" என்றார் ஒருவர். "எங்கப்பா இறந்தப்ப வந்து நின்னாரு, அது போதும்" என்றார் இன்னொருவர். "போன் பண்ணா எடுக்கறதே இல்ல" என்று மூன்றாமவர் குறைப்பட்டுக்கொண்டார். மூவரும் சொன்னது மூன்று வெவ்வேறு தொகுதி உறுப்பினர்களைப் பற்றி. ஜோகூர் பாரு வட்டாரம் அப்படி. ஒரே மேசையில் நான்கு தொகுதிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அதுவரை பேசாமல் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்த மாமா ஒருவர் கேட்டார். ஜோகூர் பாருவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். "அதெல்லாம் சரிப்பா. அவரு பார்லிமெண்டுல என்னா பேசினாரு?"

யாரிடமும் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாமா கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு அடுத்த ஆண்டு 60 வயது. 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது அதுதான். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 30 ஆண்டுக்கும் மேல் குடியிருந்த வீடு, பிள்ளைகள் மூவர் பிறந்து வளர்ந்த வீடு. "சட்டம்னு ஒன்னு இருக்கே, அதுல எங்களுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கா? யாராவது கேட்டாங்களா?" என்பதுதான் அவர் கேள்வியின் மீதிப் பாதி.

கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்ட ஒருவரின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், மக்களவையில் பேசுவதால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று ஓரளவு தெளிவாகும்.

2008 மார்ச் 8 பொதுத் தேர்தலை நம்மவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2007 நவம்பர் 25ஆம் நாள், ஹிண்ட்ராப் பேரணி நடந்திருந்தது. 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை, டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஈப்போ அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய் நிபுணராக இருந்தவர் அவர். பேராக் தோட்டத் தொழிலாளர்களுக்காக உழைத்த அலைகள் என்ற அமைப்பில் நெடுங்காலம் இருந்தவர். 1999இலும் 2004இலும் அதே தொகுதியில் நின்று தோற்றவர். அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்கு, அதாவது பி.எஸ்.எம்.முக்கு, அப்போது பதிவுகூடக் கிடைத்திருக்கவில்லை. 1998இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 10 ஆண்டு கழித்தே பதில் வந்தது. அதனால் பி.கே.ஆர். சின்னத்தில் போட்டியிட்டார். 2013இலும் அதே சின்னத்தில் ம.இ.கா.வின் எஸ்.கே. தேவமணியை வென்றார். ஆக மொத்தம் 10 ஆண்டுகள்.

அந்த 10 ஆண்டும் அவர் எதிர்க்கட்சி வரிசையில்தான் இருந்தார். 222 இருக்கைகள் கொண்ட அவையில் 2008இல் எதிரணிக்கு 82, 2013இல் 89. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண மசோதாவையும் நிறைவேற்ற முடியாது, தடுக்கவும் முடியாது. எதிரணி உறுப்பினர் கையில் உள்ளது கேள்வியும் பேச்சும்தான். வாய்மொழிக் கேள்வி, எழுத்துபூர்வக் கேள்வி, மாமன்னர் உரை மீதான விவாதம், வரவு செலவுத் திட்ட விவாதம், அமைச்சுவாரியாகக் குழுநிலை விவாதம். கேள்வி எழுத்தில் போனால் அமைச்சு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பதிவேட்டில் ஏறும். பிறகு "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாரும் தப்ப முடியாது. இதன் மதிப்பு நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. மேடையில் மேசையைத் தட்டிப் பேசுகிறவரைத்தான் நாம் வீரர் என்கிறோம்.

ஜெயக்குமார் மேசையைத் தட்டுகிற ரகம் இல்லை. நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். அவர் திரும்பத் திரும்ப எடுத்த பொருள்கள் இவை: குறைந்தபட்சச் சம்பளம், தோட்டத் தொழிலாளர் வீடு, அரசு மருத்துவமனை, மருந்து விலை, பொருள் சேவை வரி, விவசாயிகள் நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவது, அந்நியத் தொழிலாளர்கள் நடத்தப்படும் விதம். இதில் கோவில் இல்லை, மானியம் இல்லை என்று நம்மில் சிலருக்கு அப்போது மனத்தாங்கல்கூட இருந்தது. "இந்தியருக்காகக் குரல் கொடுக்கவில்லை" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சம்பளமும் லயத்து வீடும் அரசு ஆஸ்பத்திரியும் நம் பிரச்சினை இல்லை என்றால் வேறு எது நம் பிரச்சினை?

இந்தக் கதையில் இன்னொரு தமிழரும் வருகிறார், அவர் நம் ஜோகூர்க்காரர்களின் பிரதிநிதி. சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினராக 2004 முதல் இருந்த டாக்டர் எஸ். சுப்ரமணியம். தோல் நோய் நிபுணர். 2008இலிருந்து 2013 வரை மனிதவள அமைச்சர், 2013இலிருந்து 2018 வரை சுகாதார அமைச்சர். அதாவது, ஜெயக்குமார் சம்பளத்தைப் பற்றிக் கேட்ட காலத்தில் பதில் சொல்ல வேண்டிய அமைச்சும், மருத்துவமனையைப் பற்றிக் கேட்ட காலத்தில் பதில் சொல்ல வேண்டிய அமைச்சும் இவரிடமே இருந்தன. கேட்பவரும் மருத்துவர், பதில் சொல்பவரும் மருத்துவர், இருவரும் தமிழர். மலேசிய நாடாளுமன்றத்தில் இதுபோல இன்னொரு ஜோடி அமைந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் நம் பத்திரிகைகள் உட்பட யாரும் அதை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. ஒருவரை ம.இ.கா. என்றும் மற்றவரை எதிர்க்கட்சி என்றும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் நாள் கூலியோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று. பால் மரம் நனைந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. என் தாயார் அடைமழை மாதங்களில் மளிகைக் கடைக் கடன் புத்தகத்தை ஒளித்துவைப்பார்; அப்பா கண்ணில் பட்டால் வீட்டில் சண்டை. நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்று எம்.டி.யு.சி. பல ஆண்டுகள் போராடியது. தோட்டத் தொழிலாளர் இயக்கங்கள் தெருவில் இறங்கின. ஜெயக்குமாரும் எதிரணியின் மற்றவர்களும் அவைக்குள் பேசினார்கள். 2011இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தை மக்களவைக்குக் கொண்டுவந்து நிறைவேற்றியது டாக்டர் சுப்ரமணியத்தின் அமைச்சு. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்ற முதல் ஆணை 2013 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது.

இதில் யாருக்குப் பெருமை? கட்சிக்காரர்களைக் கேட்டால் அவரவர் தலைவரைச் சொல்வார்கள். தொழிற்சங்கம் இல்லாமல் அந்தக் கோரிக்கை உயிரோடு இருந்திருக்காது. கேள்வி கேட்பவர்கள் இல்லாமல் அது அவைக்குள் வந்திருக்காது. அமைச்சர் துணியாமல் சட்டமாகியிருக்காது. 2008 முடிவு தந்த பயம் இல்லாமல் அரசாங்கம் இவ்வளவு வேகமாக நகர்ந்திருக்குமா என்பதும் சந்தேகமே. ஓர் உறுப்பினரின் பங்களிப்பை இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "நான்தான் கொண்டுவந்தேன்" என்று யார் மேடையில் சொன்னாலும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு அந்தத் தொகை 2016 ஜூலையில் 1,000, 2019இல் 1,100, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று ஏறியது. இடையில் ஒரு செய்தி பலருக்கு மறந்திருக்கும். 2020 பிப்ரவரியில் மாநகர், நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 என்று ஆக்கி, மற்ற இடங்களை 1,100இலேயே விட்டார்கள். ஜோகூர் பாருவில் தொழிற்சாலைக்குப் போன தம்பிக்கு 1,200, நகராட்சி எல்லைக்கு வெளியே தோட்டத்தில் குலை வெட்டிய அண்ணனுக்கு 1,100. ஒரே வீட்டில் இரண்டு குறைந்தபட்சம். தோட்டத்தில் அரிசி மலிவாகவா விற்றது? இந்தப் பாகுபாடு 2022 ஆணையோடுதான் போனது. நம் பகுதியிலிருந்து அதை எதிர்த்து எத்தனை கடிதங்கள் போயின? நான் எழுதவில்லை.

மருத்துவத்துறைக் கதை வேறு மாதிரி. அங்கே ஜெயக்குமார் தம் சொந்த அனுபவத்தோடு பேசினார். 2007இல் புத்ராஜெயா, செலாயாங் அரசு மருத்துவமனைகளில் முழுக்கட்டண நோயாளித் திட்டம் தொடங்கியது. காசு கட்டினால் அரசு மருத்துவமனையிலேயே நிபுணரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நிபுணர்கள் தனியாருக்கு ஓடாமல் இருக்க இது உதவும் என்பது அரசின் வாதம். காசு கட்டாதவர் வரிசையில் பின்னுக்குப் போவார் என்பது எதிர்வாதம். அடுத்து 2011, 2012இல் ‘1கேர்’ என்ற காப்புறுதித் திட்டம் பேசப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கிடப்பில் போனது. பிறகு டி.பி.பி.ஏ. என்னும் பசிபிக் வணிக ஒப்பந்தம். 2016 ஜனவரி இறுதியில் மக்களவை சிறப்புக் கூட்டம் கூடி, 127க்கு 84 என்ற வாக்குகளில் அதற்கு ஒப்புதல் தந்தது. மருந்துக் கம்பெனிகளின் காப்புரிமை நீண்டால் மலிவு மருந்து தாமதமாகும் என்பது ஜெயக்குமார் போன்றோர் விடாமல் சொன்ன எச்சரிக்கை.

வாக்கெடுப்பில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைக் கவனியுங்கள். 2017 செப்டம்பரில், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சொபோஸ்புவிர் மருந்தைக் காப்புரிமைக்காரரின் அனுமதி இல்லாமலேயே மலிவு விலையில் வாங்க, 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் அரசுப் பயன்பாட்டு விதியை மலேசியா பயன்படுத்தியது. அந்த மருந்துக்கு உலகிலேயே முதலில் அப்படிச் செய்த நாடு நம்முடையது. அப்போது சுகாதார அமைச்சர் யார்? அதே டாக்டர் சுப்ரமணியம். அவருக்குரிய பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். எதிர் வரிசையிலிருந்தும் வெளியே பொதுநல அமைப்புகளிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் மருந்து விலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அப்படி ஒரு முடிவுக்கு நிலம் பண்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி மாமாவின் வீடு.

தோட்ட வீட்டைப் பற்றி நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், அதாவது தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்டங்களில் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. 2019இல் அதைத் திருத்தி, தொழிற்சாலைத் தங்குமிடங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். ஆனால் அந்தச் சட்டம் முழுக்க, வேலையில் இருக்கும்போது உள்ள வீட்டைப் பற்றியது. வேலை முடிந்த மறுநாள் எங்கே போய்ப் படுப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

தோட்டம் விற்கப்பட்டோ மூடப்பட்டோ ஆள் நிறுத்தப்பட்டால் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 30 ஆண்டு என்றால் 600 நாள். கணக்குக்காக நாளுக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 36,000 வெள்ளி. தெப்ராவ் பக்கம் இந்தத் தொகைக்கு வீடு பார்த்துச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவும் தோட்டம் ஆளை நிறுத்தினால்தான். வயதாகி ஓய்வு பெறுபவருக்கு அந்த இழப்பீடும் இல்லை, சேமநிதியில் உள்ளதுதான். நாள் கூலியில் வாழ்ந்தவரின் சேமநிதி எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1973இல், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோதே தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. சில தோட்டங்கள் செய்தன, பெரும்பாலானவை செய்யவில்லை. கட்டாயம் இல்லாத திட்டத்துக்கு அதுதான் கதி. ஜெயக்குமார் அவையில் இருந்த 10 ஆண்டும், அவருடைய கட்சித் தோழர்கள் வெளியே போராடிய இத்தனை ஆண்டும் கேட்டுவருவது இதைத்தான்: சொந்த வீட்டைச் சட்டமாக்குங்கள். 2018க்குப் பிறகு அவர்கள் மக்களவையில் இல்லை. மகஜரைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற வாசலுக்குத்தான் வருகிறார்கள். உள்ளே இருந்து கேள்வி கேட்பதற்கும் வாசலில் நின்று தாள் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போராடினால் எதுவுமே கிடைக்காது என்றும் இல்லை. புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் புசார், கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய 4 தோட்டங்களிலிருந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், விரிசல் விட்ட சுவர்களுக்கு நடுவே இருந்துகொண்டு, தரைவீட்டுக்காக 20 ஆண்டுக்கு மேல் போராடின. சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் 245 குடும்பங்களுக்கு வீடு கட்ட, நில உரிமை நிறுவனம் 20 ஏக்கர் தரவும் மத்திய அரசு 4 கோடி வெள்ளி ஒதுக்கவும் அண்மைய ஆண்டுகளில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிப் போராட்டம். ஒவ்வொரு தோட்டமும் தன் தலைவிதியைத் தானே புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. சட்டம் இருந்திருந்தால் இந்த 20 ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

அவைக்குள் பேசுவதற்கு ஒரு விலையும் உண்டு. எதிரணி உறுப்பினர் என்பதால் தொகுதி மேம்பாட்டு மானியம் ஜெயக்குமார் கைக்கு வரவில்லை. சுங்கை சிப்புட் வாக்காளர்களும் வரி கட்டுகிறார்களே என்று நீதிமன்றம் வரை போனார், வெற்றி கிடைக்கவில்லை. 2011 ஜூன் இறுதியில் பி.எஸ்.எம். பிரச்சாரப் பேருந்தில் வந்த 30 பேர் பினாங்கில் கைதானார்கள். அவர்களில் ஜெயக்குமார் உட்பட 6 பேரை அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் 28 நாள் பூட்டிய அறையில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவசரகாலப் பிரகடனங்களையே ரத்து செய்யும் தீர்மானத்தை அதே மக்களவை நிறைவேற்றியது. மானியப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. ஆட்சி மாறினாலும் எதிரணியில் உட்காருபவர்கள் "எங்களுக்கு எங்கே" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அன்று கேட்டவர்கள் இன்று கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு யோசிக்கிறார்கள்.

2018 மே 9 இரவு வந்தது. பி.எஸ்.எம். தன் சொந்தச் சின்னத்தில் நின்றது. ஆட்சியை மாற்ற வேண்டும் என்ற அலையில் மூன்றாவது சின்னத்தைப் பார்க்க வாக்காளருக்குப் பொறுமை இல்லை. ஜெயக்குமார் மிகக் குறைந்த வாக்குகளோடு தோற்றார், பி.கே.ஆரின் எஸ். கேசவன் வென்றார். அதே இரவில் சிகாமட்டில் டாக்டர் சுப்ரமணியமும் பி.கே.ஆரின் எட்மண்ட் சந்தாராவிடம் தோற்றார். கேள்வி கேட்டவரும் போனார், பதில் சொன்னவரும் போனார்.

இதில் ஜெயக்குமார் தரப்பின் தவறையும் சொல்ல வேண்டும். 10 ஆண்டு அவையில் பேசியது அவருடைய சொந்த வாக்காளர்களுக்கே அவர்கள் மொழியில் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. மக்களவைப் பதிவேடான ஹன்சார்ட் மலாயில் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு கோப்பு, நூற்றுக்கணக்கான பக்கங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்தான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் அதை இறக்கிப் படிப்பாரா? தமிழ் நாளிதழ்களும் வானொலியும்தான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். உறுப்பினர் கோவில் திருவிழாவில் மாலை போட்டுக்கொண்ட படத்துக்குக் கிடைத்த இடத்தில் நான்கில் ஒரு பங்குகூட அவர் கேட்ட கேள்விக்குக் கிடைக்கவில்லை.

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் ஓர் உறுப்பினரின் பெயரைத் தட்டினால் போதும். வீடு, மருத்துவமனை, பள்ளிப் பேருந்து என்று அவர் எந்த விவாதத்தில் என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார், எப்படி வாக்களித்தார் என்பதெல்லாம் தேதிவாரியாக வரிசையில் வந்து நிற்கும். மக்கள் தொகையில் நம்மில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. அங்கேயும் உறுப்பினர்களைச் சாலைக் குழிக்கும் சவ அடக்கத்துக்கும் வந்தாரா என்று பார்த்தே மக்கள் எடைபோடுகிறார்கள் என்ற புலம்பல் உண்டு. அந்த விஷயத்தில் நாமும் அவர்களும் பங்காளிகள். ஆனால் பேச்சைப் பார்க்க விரும்புகிறவருக்கு அங்கே வழி எளிதாக இருக்கிறது.

நம் தெப்ராவுக்கு வருவோம். 2 இலட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் உள்ள பெரிய தொகுதி இது. 2018இல் பி.கே.ஆர். சார்பில் வென்ற ஸ்டீவன் சோங் 2021இல் கட்சியை விட்டு விலகினார். சிகாமட்டில் எட்மண்ட் சந்தாரா அதற்கு முந்திய ஆண்டே விலகியிருந்தார். 2022 ஜூலையில் 209 வாக்குகளோடு மக்களவை நிறைவேற்றிய கட்சித்தாவல் தடைத் திருத்தம் இதுபோன்ற கதைகளின் விளைவுதான். 2022 பொதுத் தேர்தலில் பி.கே.ஆரின் ஜிம்மி புவா வென்றார். அவர் என்ன பேசியிருக்கிறார் என்று அன்று ஒட்டுக்கடையில் யாருக்கும் தெரியாததற்கு அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாங்கள் பார்க்கவில்லை.

எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதும் நமக்குக் குழப்பம். சம்பளம், சேமநிதி, சொக்சோ, மருத்துவமனை, குடியுரிமை, தமிழ்ப்பள்ளி எல்லாம் கூட்டரசு விஷயம். அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர். நிலம் மாநிலத்தின் கையில். அதற்குக் கோத்தா இஸ்கண்டாரில் கூடும் ஜோகூர் சட்டமன்றமும் அதன் 56 உறுப்பினர்களும். தெப்ராவுக்குள் திராம், புத்ரி வங்சா என்று 2 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. தோட்ட வீட்டுப் பிரச்சினை இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது. தொழிலாளர் என்றால் மத்திய அரசு, நிலம் என்றால் மாநிலம். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

ஆனால் மாநிலத்தின் கையில் ஒரு சாவி இருக்கிறது. தோட்ட நிலம் பட்டாவில் விவசாய நிலம். அதை வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ மாற்ற வேண்டுமானால் நிலச் சட்டப்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுக்கும்போதே "இங்கே வேலை செய்தவர்களுக்கு இத்தனை வீடு" என்று நிபந்தனை போடலாம். அனுமதி போன பிறகு கெஞ்சுவதில் பயனில்லை. ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தான பிறகு இங்கே நிலத்தின் பேச்சே மாறிவிட்டது. மவுண்ட் ஆஸ்டினில் ரப்பர் மரம் நின்றது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான் தோட்டம் மிச்சமிருக்கிறது. அடுத்து எந்தத் தோட்டம் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், வேறு சட்டையில். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மோட்டார் சைக்கிளில் பறக்கும் நம் பையன்களுக்கான கிக் தொழிலாளர் மசோதாவை 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. விபத்து நடந்தால் யார் பொறுப்பு, கணக்கை முடக்கினால் எங்கே முறையிடுவது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான் விசாரித்த நான்கு பையன்களில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை.

போன வாரம் மாமா என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டு கேள்விகள்: தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டத்தைச் சட்டமாக்க மனிதவள அமைச்சு என்ன செய்திருக்கிறது? ஓய்வு பெற்றபின் வீட்டைக் காலி செய்யக் குறைந்தது எத்தனை மாதம் அவகாசம் தர வேண்டும் என்று 446ஆம் சட்டத்தில் சேர்க்கத் தயாரா? சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று: கடந்த 10 ஆண்டில் இந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் தோட்ட நிலம் மாற்றப்பட்டது, அதில் எத்தனை வீடு தொழிலாளருக்குப் போனது? எழுத்துபூர்வக் கேள்வியாக வைக்க வேண்டும், பதிலின் நகல் வேண்டும் என்று கடைசியில் சேர்க்கச் சொன்னார் மாமா.

கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் தயங்கினார். "பேரு வந்தா தோட்டத்துல ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்றார். தெரியவில்லை என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுப் போட்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. இரண்டு சேவை மையத்துக்கும் அன்றைக்குத்தான் போகிறோம்.